பிங்க் சால்மன் கடிக்கவில்லையா? மந்தமான சீசனில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் வழி

"அண்ணா, மூணு மணி நேரமா நிக்கிறேன், ஒண்ணுமே கடிக்கல. எந்த லூர் போடணும்?"

ஒரு செப்டம்பர் காலையில் ஸ்டீவ்ஸ்டன் கேரி பாயிண்ட் மணலில் நின்றுகொண்டு ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டது. கூடவே ஒரு படம். லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) பெட்டி திறந்து கிடக்கிறது, உள்ளே பதினாறு லூர், பதினாறும் பிங்க். நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "பக்கத்துல யாருக்காவது மாட்டுச்சா?" கரையில் நாற்பது பேர் நிற்கிறார்களாம், ஒருவருக்கும் மாட்டவில்லையாம். அப்படியானால் பதினேழாவது லூர் வாங்கிப் போட்டாலும் மாட்டாது தம்பி, தெர்மாஸைத் திறந்து டீ குடி என்றேன்.

மீன் நிறைய வரும் வருடத்தில் எந்தத் தப்பு செய்தாலும் ஏதாவது மாட்டிவிடும், அதனால் நாம் செய்யும் தப்பு நமக்கே தெரியாது. வரத்து மந்தமான வருடத்தில்தான் எல்லாம் வெளியே வரும். அப்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மீன் உங்கள் முன்னால் இல்லையா, இருந்தும் கடிக்கவில்லையா என்பது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. மீன் இல்லாதபோது லூரை மாற்றுவதும், மீன் இருக்கும்போது இடத்தை மாற்றுவதும்தான் நான் அதிகம் பார்த்த தப்பு. நானே பல வருடம் செய்த தப்பும்கூட. கீழே எழுதியிருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓடும் ஃபிரேசர் ஆற்றின் கீழ்ப்பகுதியையும் அதன் முகத்துவாரக் கடற்கரைகளையும் வைத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பக்கம் பியூஜெட் சவுண்டில் பிடிப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

அறிகுறி: தண்ணீரில் அசைவே இல்லை, கரையில் ஒருவருக்கும் மாட்டவில்லை

முதல் சோதனை, காலண்டரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். நான் இங்கே வந்த புதிதில், 2018 செப்டம்பரில், மூன்று சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து போய்ப் பிங்க் லூரை வீசி வீசித் தோள் வலியோடு திரும்பினேன். நான்காவது சனிக்கிழமை ஒரு பெரியவர் என் லூரைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் வா" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையைத்தான் சொன்னார்.

பிங்க் சால்மனுக்கு ஆயுள் சரியாக இரண்டு வருடம். இலையுதிர் காலத்தில் சரளைக் கற்களுக்கு இடையில் முட்டை, அடுத்த வசந்தத்தில் குஞ்சு வெளியே வந்து ஆற்றில் தங்காமல் நேராகக் கடலுக்கு, அங்கே ஒன்றரை வருடம் போல மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்து முட்டையிட்டுச் செத்துவிடும். அதனால் ஒற்றைப்படை வருட மீனும் இரட்டைப்படை வருட மீனும் சந்தித்துக்கொள்வதே இல்லை. ஒரே ஆற்றில் இருந்தாலும் இரண்டும் தனித்தனி வம்சம். ஃபிரேசரில் ஒற்றைப்படை வருடத்தில் லட்சக்கணக்கில் வரும், இரட்டைப்படையில் ஏறக்குறைய ஒன்றுமே வராது. பியூஜெட் சவுண்டிலும் ஒற்றைப்படைதான் பெரிய வருடம். வான்கூவர் தீவில் குவின்சம் போன்ற ஆறுகளில் இரட்டைப்படை வருடங்களிலும் நன்றாக வரும், அங்கே போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. (டொராண்டோ உறவுகளுக்கு ஒரு கொசுறு: 1956இல் தவறுதலாக சுப்பீரியர் ஏரியில் விடப்பட்ட பிங்க் சால்மன்தான் இன்று பேரேரிகளில் இருப்பவை. அவற்றில் சில மூன்று வருடம் எடுத்துக்கொண்டு முதிர்ந்ததால் அங்கே இரண்டு வம்சமும் உண்டாகிவிட்டன. மீனுக்கும் கனடா வந்தால் பழக்கம் மாறத்தான் செய்கிறது.)

வருடம் சரியென்றால் அடுத்தது வாரம். ஃபிரேசரின் கீழ்ப்பகுதியில் ஆகஸ்ட் கடைசியில் தலைகாட்டத் தொடங்கி, செப்டம்பரில் உச்சத்துக்கு வந்து, அக்டோபர் தொடக்கத்தில் ஓய்ந்துவிடும். சில வருடம் இது ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். தாமதமா, வரத்தே குறைவா என்பது கரையில் நின்றால் தெரியாது, அதற்குப் பசிபிக் சால்மன் ஆணையத்தின் அறிக்கையைப் படிக்க வேண்டும். அவர்கள் சீசன் நடக்கும்போது ஜான்ஸ்டன் நீரிணையிலும் ஹுவான் டி ஃபூக்கா நீரிணையிலும் சோதனை வலை போடுகிறார்கள், மிஷன் ஊரில் ஒலியலைக் கருவி வைத்து ஆற்றில் ஏறும் மீனை எண்ணுகிறார்கள். ஆணையத்தின் ஃபிரேசர் குழு வழக்கமாகச் செவ்வாயும் வெள்ளியும் கூடி எண்ணிக்கை சொல்லும். இலவசம், யாரும் படிப்பதில்லை.

அதில் நான் முதலில் பார்ப்பது, மீன் எந்தப் பக்கமாக வருகிறது என்பதை. வான்கூவர் தீவைச் சுற்றி வர மீனுக்கு இரண்டு வழி: தெற்கே ஹுவான் டி ஃபூக்கா, வடக்கே ஜான்ஸ்டன். கடல் சூடாக இருக்கும் வருடங்களில் பெரும்பகுதி வடக்கு வழியைப் பிடித்துவிடும். அந்த வருடம் தெற்குக் கரையில் நிற்பவன் "சீசன் செத்துப்போச்சு" என்பான், வடக்கே இருப்பவன் படம் போட்டுக்கொண்டிருப்பான். சோதனை வலையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியிருந்தால் சில நாள் பொறுங்கள். இரண்டு நீரிணையிலும் இறங்கத் தொடங்கிவிட்டது, மிஷனிலும் இறங்குகிறது என்றால் உச்சம் போய்விட்டது, மிச்சத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சின்ன ஓடைகளின் முகத்துவாரம் என்றால் வேறு காரணமும் இருக்கலாம். மழையில்லாமல் ஓடை வற்றிக் கிடந்தால் மீன் உள்ளே ஏறாமல் உப்புத் தண்ணீரிலேயே காத்திருக்கும், நல்ல மழை ஒன்று பெய்ததும் ஒரே இரவில் ஏறிவிடும். நீங்கள் ஓடைக்குள் தேடிக்கொண்டிருப்பீர்கள், மீன் வெளியே விரிகுடாவில் சுற்றிக்கொண்டிருக்கும். ஃபிரேசர் பெரிய ஆறு, அங்கே இந்தக் கவலை இல்லை.

அறிகுறி: காலையில் பத்து நிமிடம் எல்லோருக்கும் மாட்டியது, அப்புறம் ஒன்றுமில்லை

இது கோளாறே இல்லை. பிங்க் கூட்டமாக நகரும் மீன். பெரிய வருடத்தில் ஒரு கூட்டத்தின் வாலை அடுத்த கூட்டத்தின் தலை தொட்டுக்கொண்டு வரும். மந்தமான வருடத்தில் நடுவில் ஒரு மணி நேரம் வெறும் தண்ணீர். அந்த ஒரு மணி நேரத்தில்தான் பாதிப் பேர் மூட்டை கட்டிவிடுவார்கள், மீதிப் பேர் லூரை மாற்றிக்கொண்டு முடிச்சுப் போட்டபடி இருக்கும்போது அடுத்த கூட்டம் கடந்து போய்விடும்.

கடல் ஏற்ற நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். முகத்துவாரத்திலும் அதையொட்டிய கரைகளிலும் ஏற்றம் தொடங்கி உச்சம் வரைக்கும் உள்ள நேரம்தான் எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது, அதுவும் விடியற்காலையோடு ஏற்றம் சேர்ந்து வரும் நாட்களில். ஃபிரேசரில் மிஷன் வரைக்கும் ஏற்ற இறக்கம் தெரியும், ஆனால் டெர்பி ரீச் போன்ற மேல் பக்கத்துக் கரைகளில் கடலைவிடச் சில மணி நேரம் பிந்தித்தான் தெரியும், முகத்துவார அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நானும் போயிருக்கிறேன், சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறிகுறி: மீன் துள்ளுகிறது, கண்ணெதிரே துள்ளுகிறது, ஆனால் கடிக்கவில்லை

இதுதான் ஆளைப் பைத்தியமாக்கும். துள்ளிய இடத்திலேயே வீசுவோம், அது இயற்கை. ஆனால் துள்ளிய மீன் விழும்போது அந்த இடத்தில் இருக்காது, கூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று துள்ளலைக் கவனித்தால் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் திசையில், கூட்டத்துக்கு முன்னால் ஒரு பஸ் நீளம் தள்ளி வீசி, கூட்டம் லூரை நோக்கி வரட்டும் என்று விடுங்கள். கூட்டத்தின் நடுவில் ஈயத்தைத் தொப்பென்று போட்டால் கலைந்து ஆழத்துக்குப் போய்விடும்.

அடுத்து, வேகம். என்னைக் கேட்டால் பிங்க் சால்மனில் பத்துக்கு ஏழு கோளாறு வேகம்தான். கோஹோ என்ற வேறு வகைச் சால்மன் துரத்திக்கொண்டு வந்து அடிக்கும், பிங்க் சோம்பேறி. கடலில் அது தின்றது பெரும்பாலும் மிதவை உயிரிகள், சின்னக் கணவாய், சின்ன மீன். எதையும் விரட்டிப் பிடித்துப் பழக்கமில்லை. ரீல் கைப்பிடியை ஒரு சுற்றுக்கு இரண்டு நொடி என்ற கணக்கில் சுற்றுங்கள், மனதுக்குள் எண்ணிக்கொண்டே. கை தானாக வேகமெடுக்கும், பக்கத்தில் ஒருவருக்கு மாட்டினால் இன்னும் வேகமெடுக்கும். பஸ் பாம் (Buzz Bomb) என்ற கனமான லூரைப் போடுகிறவர்கள் கோலைத் தூக்கி, கீழே விடும்போது லூர் சுழன்றுகொண்டு விழட்டும். கடி பெரும்பாலும் அந்த விழும் நேரத்தில்தான் வரும். இழுப்பதைக் குறைத்து விழுவதை நீட்டுங்கள்.

படகில் இழுப்பவர்களுக்கு வேகத்தைச் சோதிக்க ஒரு நல்ல தந்திரம் உண்டு. நேராகப் போகாமல் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போங்கள். படகு திரும்பும்போது வளைவின் உள்பக்கத் தூண்டில் மெதுவாகவும் வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகவும் ஓடும். கடி எப்போதும் உள்பக்கத்தில் வருகிறதென்றால் நீங்கள் அதிக வேகத்தில் போகிறீர்கள். டாட்ஜர் தகட்டுக்குப் பின்னால் சிறிய பிங்க் பிளாஸ்டிக் கணவாய், இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பக்கத்து ஆளுக்கு மூன்று, எனக்குப் பூஜ்யம்

அவரிடமும் அதே லூர், அதே நிறம். இங்கே கோளாறு ஆழம். இதைக் கண்டுபிடிக்க எண்ணும் முறை போதும். லூர் தண்ணீரைத் தொட்டதும் எண்ணத் தொடங்குங்கள். முதல் வீச்சில் ஐந்து எண்ணிவிட்டுச் சுற்றுங்கள், அடுத்ததில் எட்டு, அடுத்ததில் பன்னிரண்டு, தரை தட்டும் வரைக்கும். எந்த எண்ணில் தட்டியதோ அதை விடாமல் திரும்பத் திரும்பப் போடுங்கள். நான் ஒருமுறை மேப்பிள் மரத்தடி ஒன்றில் நின்றுகொண்டு ஐந்தரை மணியிலிருந்து எட்டு மணி வரை ஏழு எண்ணிக்கையில் வீசிக்கொண்டிருந்தேன், ஒன்றுமில்லை. வலது பக்கம் நின்ற ஒரு வியட்நாமிய அம்மா ஒவ்வொரு வீச்சுக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார், பதினான்கு வரைக்கும். நானும் பதினான்கு எண்ணினேன், மூன்றாவது வீச்சில் மாட்டியது. வெயில் ஏற ஏற மீன் கீழே இறங்கும், காலை ஆறு மணி எண்ணிக்கை ஒன்பது மணிக்குச் செல்லாது.

ஆழமும் வேகமும் சரி, அப்படியும் வரவில்லை என்றால் அப்போது லூரைப் பாருங்கள். உப்புத் தண்ணீர் தெளிவாக இருந்தால் சிறிய லூர், மெல்லிய லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் நுனி நரம்பு). 8 முதல் 10 பவுண்டு தாங்கும் தங்கூஸ் நரம்பு இந்த மீனுக்கு ஏராளம், பெரும்பாலானவை இரண்டு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஃபிரேசர் ஆற்றுக்குள் தண்ணீர் பால்டீ நிறம். அங்கே மீனுக்கு லூர் தெரிய வேண்டும், அகலமான தகடு சுழலும் ஸ்பின்னரோ மினுங்கும் ஸ்பூனோ போட்டு அடியையொட்டி மெதுவாக. நிறத்தைப் பொறுத்தவரை, பிங்க் சால்மனுக்குப் பிங்க் என்பது கேட்க விளம்பரம் மாதிரி இருந்தாலும் உண்மையில் வேலை செய்கிறது. பிங்கில் எந்தப் பிங்க் என்று சண்டை போடுகிறவர்களோடு நான் சேர்வதில்லை.

அறிகுறி: தட்டுகிறது, ஆனால் மாட்டவில்லை, அல்லது மாட்டிக் கரைக்கு வருமுன் கழன்றுவிடுகிறது

தட்டியும் மாட்டவில்லை என்றால் முள் மழுங்கியிருக்கும். கட்டைவிரல் நகத்தில் முள் நுனியை வைத்து லேசாக இழுங்கள், வழுக்கினால் மழுங்கல், பிடித்துக்கொண்டால் கூர். கல்லில் இரண்டு முறை உரசிய முள்ளை மாற்றிவிடுங்கள், ஐம்பது காசு மிச்சம் பிடித்து மீனை விடாதீர்கள்.

கழன்று போவதற்கு இரண்டு காரணம். ஒன்று, பிங்க் சால்மனின் வாய் மிருதுவானது. டிவியில் பார்த்த மாதிரி கோலை ஓங்கி அடித்தால் கிழிந்துவிடும். எடை தெரிந்ததும் கோலை நிதானமாகத் தூக்கினால் போதும், டிராக் (ரீலின் இறுக்கம்) கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். இரண்டாவது, பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு முள்ளில் எதிர்க்கூர் இருக்கக் கூடாது என்பது சட்டம், குறட்டால் நசுக்கிவிட வேண்டும். எதிர்க்கூர் இல்லாத முள்ளில் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் போய்விடும். கழன்ற மீன்களில் பாதி, மீன் கரையை நோக்கி ஓடி வரும்போது போனவை. அப்போது நீங்கள் சுற்றும் வேகம் போதாது, பின்னால் நடங்கள். கூச்சப்படாமல் மணலில் நாலு எட்டு பின்னால் நடங்கள், பின்னால் ஆள் நிற்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழல்வதற்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: சீல் என்னும் கடல்நாய். பாதி மீன் கையில் வரும். அதற்கு வைத்தியம் கிடையாது, சீல் தலைகாட்டினால் மீனைச் சீக்கிரம் கரையேற்றுங்கள், அல்லது நூறு அடி தள்ளிப் போங்கள், அதுவும் கூடவே வரும்.

அறிகுறி: மீன் மாட்டுகிறது, ஆனால் வாயில் இல்லை

முதுகிலும் வயிற்றிலும் மாட்டுகிறதென்றால் உங்கள் லூரை மீன் கடிக்கவில்லை, நீங்கள் மீனைக் கீறுகிறீர்கள். ஆற்றில் நீளமான லீடரும் கனமான ஈயமும் போட்டு அடியில் உருட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வாய்க்கு வெளியே மாட்டிய மீனை வைத்துக்கொள்ளக் கூடாது, விட்டுவிட வேண்டும். லீடரைக் குறையுங்கள், வேகமாக வெட்டி இழுப்பதை நிறுத்துங்கள்.

அறிகுறி: மாட்டியது, ஆனால் இது பிங்க்தானா?

மந்தமான பிங்க் வருடத்தில் வேறு சால்மன் மாட்டும் வாய்ப்பு அதிகம், அபராதம் கட்டும் வாய்ப்பும் அதிகம். வாலை விரித்துப் பாருங்கள். வாலின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டிலும் மீனின் கண் அளவுக்கு நீள்வட்டக் கரும்புள்ளிகள், வாலில் வெள்ளி மினுக்கம் இல்லை, உடம்பில் செதில் பொடிப்பொடியாக இருந்தால் பிங்க். புள்ளி மேல் பாதியில் மட்டும், பல் ஈறு வெளுப்பு என்றால் கோஹோ. ஈறு கறுப்பு, வாலில் வெள்ளிக் கோடுகள், புள்ளி சிறியது என்றால் சினூக். புள்ளியே இல்லாமல் பெரிய கண்ணோடு முறைத்தால் சாக்கை. சந்தேகம் வந்தால் தண்ணீரிலேயே வைத்து விட்டுவிடுங்கள், மணலில் புரட்டிப் படமெடுத்துக் குழுவில் போட்டு "இது என்ன மீன்" என்று கேட்பதற்குள் அது செத்துவிடும்.

அனுமதிச் சீட்டு விஷயம்: ஃபிரேசரில் மிஷன் ரயில் பாலத்துக்குக் கீழே கடல் சார்ந்த நீர், மேலே நன்னீர். இரண்டுக்கும் வேறு வேறு லைசென்ஸ். எந்தப் பகுதி எந்தத் தேதியில் திறந்திருக்கிறது என்பது சாக்கை வரத்தைப் பார்த்து வாரத்துக்கு வாரம் மாறும், பிங்க் நிறைய ஓடும்போதே ஆறு மூடியிருப்பதும் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும் காலையில் மீன்வளத் துறையின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போன வாரம் நண்பன் பிடித்தான் என்பது அதிகாரியிடம் செல்லுபடியாகாது.

அறிகுறி: வீட்டுக்கு வந்து வெட்டினால் சதை கூழ்

பிங்க் நல்லாவே இருக்காது, நாய்க்குத்தான் போடணும் என்று சொல்பவர்கள் எல்லோரும் இதில் மாட்டியவர்கள். மீன் மேல் பழி, தப்பு நம்முடையது. இந்த மீனின் சதை மற்ற சால்மனைவிட மிருதுவானது, வெயிலில் இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் பையில் கிடந்தால் முடிந்தது. செத்த பிறகும் வயிற்றுக்குள் இருக்கும் செரிமானச் சாறு விலாப்பக்கச் சதையை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால் பிடித்ததும் தலையில் ஓர் அடி, செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, உடனே ஐஸ் பெட்டியில். ஐஸை வாங்கிக்கொண்டுதான் தூண்டிலை எடுக்க வேண்டும், மீன் மாட்டியபிறகு கடை தேடக் கூடாது. தலையையும் வாலையும் வீடு வரைக்கும் வெட்டாதீர்கள், வழியில் சோதித்தால் என்ன மீன் என்று காட்ட வேண்டியிருக்கும்.

எந்த மீனை வைத்துக்கொள்வது என்பதையும் பாருங்கள். வெள்ளியாக மினுங்கி, ஆசனவாய்ப் பக்கம் கடல் பேன் ஒட்டியிருந்தால் நேற்றோ முந்தாநாளோ கடலிலிருந்து வந்தது, தாராளமாக எடுக்கலாம். நன்னீரில் சில நாளில் அந்தப் பேன் விழுந்துவிடும். முதுகு பச்சையாகி, ஆணுக்குக் கூன் விழுந்து, வாய் வளைந்துவிட்டால் அதன் கொழுப்பெல்லாம் போய்விட்டது, முட்டையிடப் போகட்டும்.

குழம்பில் போட்டால் கரைந்துபோகும், கரண்டியால் தொடாமல் சட்டியைச் சுற்றி ஆட்டினாலும் கரைந்துபோகும், நான் மூன்று முறை முயன்று விட்டுவிட்டேன். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவித் தோலோடு பொரித்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். மிஞ்சியதை அவித்து உதிர்த்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துக் கட்லட். அந்தத் தம்பி கடைசியில் அன்று பத்தரை மணிக்கு ஒரே ஒரு மீன் பிடித்தான். கட்லட் பதினெட்டு வந்ததாம், எனக்கு இரண்டு கொடுத்தான்.